அக்கிராசனர் பேசிவிட்ட பாம்புச் சொற்பொழிவு

இந்த ஆண்டு நம் கல்லூரிப் பொதுச் சொற்பொழிவுகளுக்கான நோட்டீஸில் எனக்கும் ஒன்று அனுப்பி வைத்திருந்தீர்கள். ஓய்வு பெற்ற ஆளை ஞாபகம் வைத்திருக்கிறீர்களே, அதுவே பெரிய விஷயம். நோட்டீஸ் வழவழவென்று நன்றாகத்தான் இருக்கிறது. விண்வெளி பற்றி ஒரு பேச்சு, ஓவியப் பட்டறை, பக்கத்துக் கிராமத்தாருக்குக் கண் மருத்துவ முகாம் என்று வகைவகையாகப் போட்டிருக்கிறீர்கள். வரவேற்புரைக்கு இவ்வளவு நேரம், நன்றியுரைக்கு இவ்வளவு நேரம் என்று பங்கு பிரித்திருக்கிறீர்கள். எல்லாம் முடிந்து அடியில், பொடி எழுத்தில், ‘நேரமிருந்தால் கேள்விகள்’ என்று ஒரு வரி. அதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. அதனால்தான் நீங்கள் ஒரு பேச்சுக்குக் கூப்பிட்டதை நிஜமாகவே எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். காபியும் கொடுத்துவிட்டீர்கள். இனி நான் சொல்வதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நான் இந்தச் சொற்பொழிவுக் குழுவுக்குச் செயலாளரானது வெள்ளைக்காரன் காலத்தில். பௌதிகம் சொல்லிக் கொடுக்க வந்தவனை எதற்காக இந்த வேலையில் போட்டார்கள் என்று கேட்டால், வாசிப்பு, பேச்சு, திறமை என்று எதையாவது சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். உண்மையான காரணம், ஆசிரியர்களில் என்னிடம் மட்டும் ஓடுகிற நிலையில் ஒரு சைக்கிள் இருந்தது. நோட்டீஸ் கொடுக்க, பெரிய மனிதர்களைப் பார்க்க, ஜமுக்காளம் வாங்கிவர, எல்லாவற்றுக்கும் சைக்கிள் வேண்டும். சைக்கிளைக் குழுவில் போட்டார்கள். கூடவே நானும் போனேன்.

அந்தக் காலத்துக் கூட்டம் எப்படி நடக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு நீங்கள் தலைவர் என்கிறவரை அப்போது அக்கிராசனர் என்போம். அவர் இல்லாமல் கூட்டம் இல்லை. பேச்சாளருக்குக் காய்ச்சல் வந்தால்கூடக் கூட்டத்தை நடத்திவிடலாம், அக்கிராசனருக்கு வந்தால் ஒத்திப்போட வேண்டியதுதான். அவர் முதலில் எழுந்து முன்னுரை சொல்வார். பேச்சாளர் பேசுவார். பிறகு அக்கிராசனர் மறுபடி எழுந்து, பேச்சாளர் சொன்னதில் எது சரி, எது தப்பு என்று முடிவுரை சொல்வார். சபையில் இருப்பவர்களுக்கு ஒரே வேலை, கை தட்டுவது. கேள்வி கேட்பது என்ற பழக்கமே கிடையாது. கேட்டால் அடாவடிக்காரன் என்று பெயர்.

இதில் எங்கள் குழுவுக்கென்று ஒரு வழக்கமும் இருந்தது. அக்கிராசனர் விஷயம் தெரியாமல் விழிக்கக் கூடாது என்பதற்காக, பேச்சாளரிடம் பேச்சின் சாரத்தை அரைப் பக்கம் எழுதி வாங்கி, முன்கூட்டியே அக்கிராசனர் வீட்டில் சேர்ப்பித்துவிடுவோம். யார் ஏற்படுத்திய வழக்கமோ, மகராசன், நல்ல எண்ணத்தில்தான் ஏற்படுத்தியிருப்பார்.

இப்போது எஸ்தர் டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதுரை நகரத்துக்குள்ளே மிஷன் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் அவர் ஆசிரியை. விலங்கியலில் பட்டம் வாங்கியவர். எங்கள் கல்லூரியில் விலங்கியல் துறைக்கு ஒரு ஆள் தேவைப்பட்டபோது மனுப் போட்டார். கல்லூரியில் பெண் ஆசிரியரே இல்லாத காலம். ஆசிரியர் கூட்டத்தில் ஒரே அமளி. “தடித்தடியா பயலுக உக்காந்திருக்க கிளாஸை ஒரு பொம்பளப்புள்ள எப்படிய்யா கட்டி மேய்க்கும்?” என்று ஒருவர் கேட்டார். கேட்டவருடைய வகுப்பில் நாற்காலியில் முள் வைத்திருந்தார்கள் என்பது ஊரறிந்த விஷயம்.

எங்கள் பிரின்சிபால் அமெரிக்கப் பாதிரியார். நியாயஸ்தர். ஆனால் ஊரைப் பகைத்துக்கொள்ளத் தயங்குகிறவர். அவருடைய தமிழ் முழுக்க வேதாகமத்திலிருந்து கற்றது. டிபன் கேட்டால்கூடப் பிரசங்கம் போல இருக்கும். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். “மிஸ் எஸ்தர் நம்முடைய பொதுச் சொற்பொழிவில் பேசட்டும். சபை அவளுக்குச் செவிகொடுத்தால் வேலை அவளுடையது. செவிகொடாமற்போனால் தஞ்சாவூரிலிருந்து மனுச் செய்திருக்கிற வாலிபனை அழைப்போம்” என்றார். இதை டீச்சரிடம் போய்ச் சொல்லும் பொறுப்பு சைக்கிளுக்கு வந்தது.

சொன்னேன். டீச்சர் கொஞ்சங்கூடத் தயங்கவில்லை. “வாரேன் சார். கண்டிப்பா வாரேன்” என்றார்.

“யோசிச்சுச் சொல்லுங்க டீச்சர். நம்ம பயலுக விசிலடிப்பானுக. பெஞ்சைத் தட்டுவானுக.”

“சார், எங்க ஸ்கூல்ல லேபுன்னு பேரு, ஒரு அலமாரிதான் இருக்கு. அதுல ஒரு பாட்டில். அதுக்குள்ள ஒரு தவளை. வேலைக்கு வந்த நாள்லேர்ந்து அந்த ஒரே தவளையக் காட்டித்தான் சயின்ஸ் நடத்துறேன். அதுக்கே என்னையப் பாத்துச் சலிச்சுப்போச்சு. உங்க காலேஜ்ல மைக்ராஸ்கோப் இருக்காமே. அது முன்னாடி உக்கார விடுவாங்கன்னா எம்புட்டு விசில் வேணாலும் வாங்கிக்கிறேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கண் சிரிக்கவில்லை. அந்த வேலை அவருக்குக் கிடைத்தே ஆக வேண்டும் என்று எனக்கு அந்த நிமிஷத்தில் தோன்றிவிட்டது. செயலாளராக இருப்பவனுக்கு அப்படியெல்லாம் தோன்றக் கூடாது. தோன்றினால் என்ன செய்வது?

தலைப்பு என்ன என்று கேட்டேன். ‘நம்மைச் சுற்றியுள்ள பாம்புகள்’ என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. மதுரையைச் சுற்றி வயல், கண்மாய், கரும்புத் தோட்டம். பாம்பு பார்க்காத ஆள் கிடையாது. நோட்டீஸ் அடித்து, பரவைச் சந்தை வரைக்கும் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். ‘ஸ்திரீகளுக்குத் தனி இடவசதி உண்டு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன்.

அக்கிராசனராகச் சமயநல்லூர் அரிசி மில் முதலாளியைக் குழு தேர்ந்தெடுத்தது. ஆள் வாட்டசாட்டமாக இருப்பார். இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை. பெண் பேசுகிற கூட்டமென்றால் அப்படிப்பட்டவர் மேடையில் உட்கார்ந்திருந்தால்தான் பயல்கள் அடங்கி இருப்பார்கள் என்று கணக்கு. அவரைப் பார்த்துச் சொன்னபோது மனிதர் வெலவெலத்துப்போனார்.

“தம்பி, பாம்ப அடிக்கச் சொல்லுங்க, அடிக்கேன். அதப் பத்திப் பேசச் சொன்னா நான் எங்கிட்டுப் போவேன்? எனக்கு மேடையில ஏறுனாலே நாக்கு ஒட்டிக்கிரும்.”

“பயப்படாதீங்க ஐயா. அந்தம்மா என்ன பேசப்போறாங்கன்னு எழுதி வாங்கியாந்து கொடுத்துர்றேன். அதைப் பாத்து நாலு வார்த்தை சொன்னாப் போதும்.”

“அப்பச் சரி. கொண்டாங்க. படிச்சுத் தயாரா வந்துருவோம்.”

டீச்சரிடம் சாரம் கேட்டேன். அவர் பள்ளிக்கூட ஆசிரியை அல்லவா, எதையும் அரைகுறையாகச் செய்ய வராது. அரைப் பக்கம் கேட்டால் முழுப் பேச்சையும், தொடக்க வணக்கத்திலிருந்து கடைசி நன்றி வரைக்கும், முத்து முத்தாக எழுதிக் கொடுத்துவிட்டார். உறைக்குள் போட்டு ஒட்டிக் கொடுத்தார். நான் அப்படியே கொண்டுபோய் மில்லில் சேர்த்தேன்.

கூட்டத்தன்று சாயங்காலம் எங்கள் மண்டபம் அதுவரை கண்டிராத கூட்டம். மாணவர்கள் பின் பெஞ்சுகளைப் பிடித்துக்கொண்டார்கள். இடது பக்கம் பூராவும் கிராமத்து ஆட்கள், தோளில் துண்டோடு. வலது பக்கம் திரை கட்டிய பகுதியில் பெண்கள். உள்ளே இடமில்லாமல் வராந்தாவிலும் நின்றார்கள். முதல் வரிசையில் பிரின்சிபால். மல்லிகை மாலை ஒன்று தட்டில் தயாராக இருந்தது. அது பேச்சாளருக்காக வாங்கியது.

முதலாளி வில் வண்டியில் வந்து இறங்கினார். பட்டு அங்கவஸ்திரம், நெற்றி நிறையச் சந்தனம். என் தோளில் தட்டி, “தம்பி, அம்புட்டையும் நெட்டுருப் போட்டுட்டேன்ல” என்றார், முகமெல்லாம் பூரிப்பாக.

“ரொம்ப சந்தோஷம் ஐயா” என்றேன். மனிதர் இவ்வளவு சிரத்தை எடுத்துக்கொண்டிருக்கிறாரே என்று நெகிழ்ந்துகூடப் போனேன்.

கூட்டம் தொடங்கியது. அக்கிராசனர் எழுந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். கையைக் கட்டிக்கொண்டார். “மகாஜனங்களே” என்று ஆரம்பித்தார். குரலென்றால் குரல், மில் சங்கு மாதிரி. பாம்புக்குக் காது இல்லை என்றார், தரையின் அதிர்வைத்தான் உணரும் என்றார், நாக்கால் வாசனை பிடிக்கும் என்றார். சபை ஆவென்று கேட்டது. முன்னுரை இவ்வளவு பிரமாதமாக இருக்கிறதே என்று நானும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். தற்செயலாக டீச்சர் பக்கம் திரும்பினேன். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அவர் உதடுகள் அக்கிராசனர் வாயோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தன.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. மனிதர் முன்னுரை சொல்லவில்லை. டீச்சருடைய சொற்பொழிவை முதல் வரியிலிருந்து ஒப்பித்துக்கொண்டிருக்கிறார்!

அட கடவுளே என்று ஆகிவிட்டது. நடுவில் போய் நிறுத்தலாமா? நெட்டுருப் போட்டவரை நடுவில் நிறுத்தினால் மறுபடி ‘மகாஜனங்களே’யிலிருந்துதான் வருவார். மணி அடிக்கலாமா? அக்கிராசனரை மணி அடித்து உட்காரவைத்தால் அதற்குமேல் ஒரு அவமானம் கிடையாது. அவர் துண்டை உதறிக்கொண்டு வெளியே போவார். இடது பக்கம் உட்கார்ந்திருக்கும் கிராமத்து ஜனம் அவர் பின்னால் போகும். பிறகு டீச்சர் யாரிடம் பேசுவார்? நாற்காலி விளிம்பில் உட்கார்ந்துகொண்டு நான் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும்.

நான் யோசித்து முடிப்பதற்குள் விஷயம் கைமீறிப் போயிற்று. டீச்சர் தன் பேச்சின் கடைசியில் சொந்த அனுபவம் ஒன்றை எழுதியிருந்தார். அதையும் அக்கிராசனர் விடவில்லை. கண்ணை மூடியபடி, மீசை துடிக்க, சங்குக் குரலில் முழங்கினார்:

“நான் சிறுமியாய் இருந்தபோது, ஒரு நாள் என் தாயார் எனக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தார்கள். வேலியில் ஒரு பச்சைப் பாம்பைக் கண்டேன். பயமின்றி ஓடிச்சென்று, அதை என் பாவாடையில் அள்ளிக்கொண்டேன்!”

அடுத்த நொடி கூரை பெயர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மாணவர்கள் பெஞ்சின் மேல் ஏறி நின்று சிரித்தார்கள். அக்கிராசனர் கண்ணைத் திறந்தார். தன் பேச்சு சபைக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்து அவரும் லேசாகச் சிரித்தார், பாவம். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: “அண்ணே, பாவாடை என்ன கலருண்ணே?”

அவர் முகம் மாறியது. என்ன சொன்னோம் என்பதை மனதுக்குள் திருப்பிப் பார்க்கிறார் என்பது தெரிந்தது. கண்டுபிடித்துவிட்டார். அவ்வளவு பெரிய உடம்பு அப்படியே கூசிப் போயிற்று. திரும்பி என்னைப் பார்த்தார். ‘என்னைக் காப்பாத்து’ என்று வாய்விட்டுச் சொன்னதுபோல இருந்தது அந்தப் பார்வை.

தம்பிமாரே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். இதெல்லாம் எந்த விதிமுறையிலும் எழுதியிருக்காது. நம் ஊரில் மேடையில் இருப்பவருக்கு மாலை விழுந்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். பேசி முடித்துவிட்டாரா என்று யாரும் கேட்க மாட்டார்கள். மாலையைக் கண்டால் கை தானாகத் தட்டும். ஆனால் இருந்தது ஒரே மாலை, அதுவும் டீச்சருக்கு. அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணாலேயே தட்டைக் காட்டி, ‘போடுங்க’ என்றார். ஓடிப்போய் அக்கிராசனர் கழுத்தில் மாலையைப் போட்டேன். “இந்த அருமையான உரைக்கு மண்டபமே அதிரும்படி ஒரு கரகோஷம்!” என்று என் சக்திக்கும் மீறிக் கத்தினேன். சிரிப்புச் சத்தமெல்லாம் கைதட்டலாக மாறியது. அவர் கும்பிட்டுவிட்டு, விழுந்தடித்து உட்கார்ந்தார்.

அக்கிராசனரைக் கரை சேர்த்தாயிற்று. பேச்சாளர் நடு ஆற்றில் நின்றார். குனிந்து அவர் காதருகே கேட்டேன்.

“டீச்சர், இப்ப என்ன செய்ய?”

“என் பேச்சு அம்புட்டும் போச்சு சார். ஒரு வரி பாக்கியில்ல.”

“வேற எதைப் பத்தியாச்சும் பேசுங்களேன். தவளை?”

“சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். தவளைய மட்டும் இழுக்காதீங்க.”

அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடை முன்னால் போனார். பின் பெஞ்சில் விசில் கிளம்பியது. பிரின்சிபால் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். தஞ்சாவூர்க்காரனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்றே நான் முடிவு கட்டிவிட்டேன்.

“ஐயா சொன்னாகளே, அந்தப் பச்சைப் பாம்பு நெசம்” என்று ஆரம்பித்தார் டீச்சர். எழுதி வைத்த தமிழ் இல்லை. வீட்டில் பேசுகிற தமிழ். “பாவாடை மட்டும் என்னோடது. நீலக் கலரு. நான் எழுதிக் கொடுத்ததை ஐயா மனசு வச்சு, என்னையவிட நல்லாவே பேசிட்டாக. இனி நான் பேசுனா கேட்டதையே நீங்க கேக்கணும். அதனால நீங்க கேளுங்க, நான் பதில் சொல்றேன். தெரிஞ்சாச் சொல்றேன். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்றேன்.”

சபை திகைத்துப்போயிற்று. கேட்கச் சொல்கிறாளே இந்தப் பெண்! ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. நானே எழுந்து ஏதாவது கேட்டுவிடலாம் என்றால், பௌதிகக்காரனுக்குப் பாம்பைப் பற்றி என்ன கேட்பது என்றும் தெரியவில்லை.

கடைசியில் ஒரு மாணவன், வம்பு இழுக்கிற தோரணையில் எழுந்தான். “பச்சைப் பாம்பைப் பிடிச்சு உருவிவிட்டா கைக்குச் சமையல் ருசி வருமாமே, நிஜமா?”

“எங்கம்மாவும் அதை நம்பித்தான் என்னைய உருவச் சொன்னாக. நானும் தலையிலேருந்து வால் வரைக்கும் உருவுனேன். இன்னைக்கு வரைக்கும் நான் வைக்கிற ரசத்த எங்க வீட்டு நாய் மோந்து பாத்துட்டு ஒதுங்கிப் போகுது.”

மறுபடி கூரை பெயர்ந்தது. ஆனால் இந்தச் சிரிப்பு வேறு சிரிப்பு. விசிலடித்தவனே முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். இடது பக்கம் துண்டுக்காரர் ஒருவர் எழுந்து, “கொம்பேறிமூக்கன் கடிச்சுட்டு, சுடுகாட்டு மரத்துல ஏறி உக்காந்து, பொணம் எரியுதான்னு பாக்குமாமே தாயி?” என்றார்.

“அதுக்கு ஆளைக் கொல்ற விஷமே கிடையாதுங்கய்யா. கடிபட்டவரு வீட்டுல கஞ்சி குடிச்சிட்டு இருப்பாரு. அது பாவம், மரத்துல எம்புட்டு நேரந்தான் காத்துக்கிட்டு இருக்கும்?”

அதற்குப் பிறகு கேள்விகளை நிறுத்த முடியவில்லை. பால் குடிக்குமா, மகுடிக்கு ஆடுமா, மாணிக்கக் கல் கக்குமா என்று மேலே மேலே வந்து விழுந்தன. ஒருவர், அமாவாசைக்கு அமாவாசை ஒரு பாம்பு தன் கிணற்றடிக்கு வருவதாகச் சொல்லி, அது எதற்கு வருகிறது என்று கேட்டார். “தெரியலைங்கய்யா. யோசிச்சுத்தான் சொல்லணும்” என்றார் டீச்சர். பிரின்சிபால் சட்டென்று தலையை நிமிர்த்தினார். அந்த மேடையில் எத்தனையோ மேதாவிகள் பேசியிருக்கிறார்கள். தெரியாது என்று ஒருவரும் சொன்னதில்லை. சொல்லிவிட்டாரே, இதையே பிடித்துக்கொள்வார்களே என்று எனக்குத் திக்கென்றது.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. நடுவயதுப் பெண் குரல். இரைச்சலில் முதலில் யார் காதிலும் விழவில்லை. டீச்சர்தான் கையை உயர்த்திச் சபையை அமர்த்தினார். அமர்ந்தது.

“தாயி, நான் பரவைக்கு அங்கிட்டு இருந்து வாரேன். போன வருசம் அடுப்படிக்குள்ள வந்த நல்ல பாம்ப நாந்தான் அடிச்சேன். கைப்புள்ள கிடந்துச்சு, அதான் அடிச்சேன். கொஞ்ச நாளு கழிச்சு எம் மூத்த மகனப் பாம்பு தீண்டிருச்சு. போயிட்டான். அடிபட்ட பாம்போட சோடிதான் தேடி வந்து பழி வாங்கிருச்சுன்னு ஊரே சொல்லுது. எங்க வீட்டுக்காரரு என் கையால தண்ணி வாங்கிக் குடிச்சு மாசக்கணக்காச்சு. நீங்க படிச்சவுக. நெசத்தச் சொல்லுங்க. நான் அதை அடிக்காம விட்டிருந்தா எம்புள்ள இருந்திருப்பானா?”

அதுவரைக்கும் சிரித்துக்கொண்டிருந்த சபை திரைப் பக்கம் திரும்பியது. இந்த இடத்தில் ஒரு வார்த்தை பிசகினால் என்ன ஆகும் என்று எனக்குப் பயம். டீச்சர் வேலையை மறந்துவிட்டார் என்பது பார்த்தாலே தெரிந்தது. பிரின்சிபாலையும் என்னையும் மறந்துவிட்டார். மேடையிலிருந்து இறங்கித் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

“இல்லம்மா” என்றார். “பாம்புக்கு அதெல்லாம் தெரியாது. யாரு அடிச்சா, அது யாரு வீடு, யாரு புள்ளைன்னு நினைச்சு வச்சிருக்க அதுக்குப் புத்தி கிடையாது. சோடி சேந்து குடித்தனம் பண்றதும் கிடையாது. உங்க மகனைக் கடிச்சது வேற பாம்பு. எலியத் தேடி வந்திருக்கும், புள்ள கால் பட்டிருக்கும். நீங்க அடிச்சதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நீங்க அன்னைக்கு அடிச்சது உங்க கைப்புள்ளையக் காப்பாத்த. அது தப்பில்லம்மா.”

திரை விலகியது. அந்த அம்மாள் வெளியே வந்துவிட்டார். ஆண்கள் கூட்டத்துக்கு முன்னால் அப்படி வந்து நிற்பது அந்தக் காலத்தில் சாதாரண விஷயம் இல்லை. கண்ணீரைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

“இன்னொருக்காச் சொல்லுங்க தாயி. சத்தமாச் சொல்லுங்க. எங்க ஊரு ஆம்பளைக அங்கன உக்காந்திருக்காக.”

டீச்சர் இடது பக்கம் திரும்பினார். துண்டுக்காரர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அந்த மெலிந்த உடம்பில் அவ்வளவு பெரிய குரல் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

“அந்தப் புள்ள செத்ததுக்கு அவுக அம்மா காரணம் இல்ல!”

வராந்தாவில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். கை தட்டத் தெரிந்த எங்கள் சபை அன்றைக்குக் கை தட்டவில்லை. இடது பக்கம் ஒரு மனிதர் மட்டும் துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அவர்தான் புருஷன் என்று பிறகு தெரிந்தது.

முறைப்படி அக்கிராசனர் முடிவுரை சொல்ல வேண்டும். முதலாளி எழுந்தார். மறுபடி ‘மகாஜனங்களே’ என்று ஆரம்பித்துவிடுவாரோ என்று பயந்தேன். அவரோ, “அந்த டீச்சரம்மா சொன்னதுக்கு மேல சொல்ல எனக்கு ஒன்னுமில்ல” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நான் கேட்ட முடிவுரைகளிலேயே அதுதான் சிறந்தது. நீங்கள் அழைக்கிற தலைவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

கூட்டம் கலையும்போது பிரின்சிபால் என்னை விரலால் கூப்பிட்டார். போய் நின்றேன். முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

“மிஸ்டர், மிஸ் எஸ்தர் சொற்பொழிவு செய்யவில்லையே” என்றார்.

“இல்லை சார். சந்தர்ப்பம் அப்படி ஆகிப்போச்சு” என்றேன்.

“தான் அறியாததை அறியேன் என்றும் சொன்னாள்.”

“ஆமா சார்.”

“நம்முடைய கல்லூரியில் சொற்பொழிவு செய்கிறவர்கள் திரளாய் இருக்கிறார்கள்” என்றார் அந்த மனிதர், ரொம்பச் சாவதானமாக. “ஜூன் மாதத்தில் அவளை வரச் சொல்லும்.”

எனக்கு வந்த சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினேன். மிரண்டுபோயிருப்பார். ஒரே ஓட்டமாக டீச்சரைத் தேடி ஓடினேன். மேடையில் இல்லை. வாசலிலும் இல்லை. வலது பக்கம் திரைக்கு உள்ளே, ஜமுக்காளத்தில், அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் இறந்துபோன மகனைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். என்னென்ன விளையாடுவான், என்ன பிடிக்கும் என்று. ஊரில் இத்தனை நாளாக அதைக் கேட்க ஆளில்லை போலிருக்கிறது. புருஷன்காரர் திரைக்கு வெளியே, துண்டைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றார்.

டீச்சர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் முகமே சொல்லியிருக்கும். இருந்தாலும் அவர், கொஞ்சம் இருங்கள் என்பதுபோல் கையை மட்டும் காட்டிவிட்டு, மறுபடி அந்த அம்மாள் பக்கம் திரும்பிக்கொண்டார். மண்டபத்தைப் பூட்ட வந்த காவல்காரரை அப்புறம் வரச் சொல்லி அனுப்பிவிட்டு, நானும் அந்தப் புருஷன்காரர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.